துச்சில்

பிறர் இல்லத்தில் ஒதுங்கியிருக்கும் இடத்துக்குத் துச்சில் என்பது பழம்பெயர். உயிர் உடம்பில் தங்குவதைச் சொல்லவந்த வள்ளுவர், நிலையாமை அதிகாரத்தில் இச்சொல்லை ஆண்டிருக்கிறார். கூலி கொடுத்து ஒருவர் அறையில் இருப்பதும் துச்சிலே.

இராகலைக் கடைவீதியில் அறையொன்றை வாடகைக்கு விடுவோர் முதலில் வினவுவது, “தம்பிக்கு ஊர் எது? நிரந்தர முகவரி என்ன?” என்பதாம். மாற்றலாகி வந்த வெளியூர் ஆசிரியர்க்கு விடை எளிது. தோட்டத்து இளைஞனுக்கோ நா எழாது. அவன் பிறந்த லயன் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதுவும் தோட்டத்துக்கு உரியது. குடும்பத்தில் ஒருவர் பெயராவது செக்ரோலில் இருக்கும்வரையே அவ்வறையில் நிலைப்பு. கடிதமும் கதவுக்கு வாராது. தோட்டத்துக் கந்தோருக்கே வரும். தலைமுறை தலைமுறையாக ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் அவர்கள் உரிமையாளரும் அல்லர், வாடகைக் குடிகளும் அல்லர். தனிவீடும் காணி உறுதியும் பெற்றோர் உண்டு, அவர் சிலரே. அன்றியும், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இவர்தம் முன்னோரை நாடற்றோர் ஆக்கியதை யார் மறப்பர்?

வீட்டுக்காரரின் அச்சத்தையும் நாம் இகழ்தல் ஆகாது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்போரை எளிதில் எழுப்பவொண்ணாதபடி காத்தது. அதனால் அறையைப் பூட்டிவைத்தாரும் உளர். எழுத்து ஒப்பந்தத்தின்பேரில் கொடுத்த இடத்தை மீட்பதற்கு 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வழி வகுத்தது. ஆதலின் வாய்ச்சொல்லை நம்பாது எழுதிக்கொள்வதே இருவர்க்கும் நலம்.

ஆனால், ஊர்ப்பெயரைக் கொண்டு ஆளை அளப்பது வேறு. அவ்வளவை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கொழும்பு கண்டது. 2007 ஜூன் 7இல், விடுதிகளில் வாடகைக்குத் தங்கியிருந்த தமிழர் 300க்கு மேற்பட்டோர், அங்கிருக்கத் தக்க காரணம் இல்லாதவர் எனப் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. அங்ஙனம் ஏற்றப்பட்டோருள் வாடகை பாக்கி வைத்தவர் எத்தனை பேர் என்று எவரும் கேட்டிலர்!

நம்பத்தக்க குடியைத் தேடுவோர் முகவரியை விடுத்து ஒழுக்கத்தை விசாரிக்கலாமே. அவன் வேலை செய்யும் கடை முதலாளி இருக்கிறார்; படிப்பித்த ஆசிரியர் இருக்கிறார். மாதந்தோறும் அரிசி, மா வாங்கிய கடையில் கடன் கொப்பி இருக்கிறது. சம்பளத்தன்று கணக்கை நேர்செய்தவனா என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்றிதழ் ஏது? இவற்றைக் கேட்டறிந்து, மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒப்பந்தம் எழுதலாம். அவன் பெயரும் ஒரு கதவிலக்கமும் சேர்த்து எழுதப்பெறும் முதற் பத்திரம் அதுவாகவே இருத்தல் கூடும்.