நிறமறிதலில் ஆண் பெண் வேறுபாடு: கண்ணும் சொல்லும்

முன்னுரை

ஆண்களுக்கு நிறம் தெரியாது, பெண்களே நிறமறிந்தவர்கள் என்னும் கூற்றுப் புடைவைக் கடையில் எழும் கேலிப் பேச்சாக மட்டும் நின்றுவிடுவதில்லை. பெண்மொழி பற்றி எழுதப்படும் இளங்கலை, முதுகலை ஆய்வேடுகளிலும் அஃது ஓர் ஆய்வு முடிவு போன்ற தோற்றத்துடன் இடம்பெற்று வருகின்றது. நம் பார்வைக்கு வரும் ஆய்வேடுகளில் பெரும்பாலும் ராபின் லேக்காஃபின் பெயர் முதலில் வரும். நிறப்பெயர்களைப் பெண்கள் மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர் என்னும் செய்தி அதனைத் தொடரும். அடுத்த வாக்கியத்திலேயே பெண்களின் கண்கள் ஆண்களின் கண்களைவிட நுட்பமானவை என்று எழுதப்பட்டிருக்கும். முதற்செய்தி மொழியைப் பற்றியது. அடுத்தது கண்ணைப் பற்றியது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வழியுண்டா என்பது எவராலும் வினவப்படுவதில்லை.

நிறத்தைக் காணுதல், கண்ட நிறங்களை வேறுபடுத்துதல், வேறுபடுத்தியவற்றுக்குப் பெயரிடுதல் ஆகியவை வெவ்வேறு செயல்கள். இவற்றுள் எதில் ஆணும் பெண்ணும் வேறுபடுகின்றனர் என்பதைக் கிடைத்துள்ள சான்றுகளைக் கொண்டு விளக்க இக்கட்டுரை முற்படுகின்றது. தமிழாசிரியர்க்கும் இதில் நேரடித் தொடர்புண்டு. நிறப்பெயர்களைக் குழந்தைக்கு முதன்முதலில் முறையாகக் கற்பிப்பவர் அவரே.

டால்டனின் கண்

ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்ட வேறுபாட்டிலிருந்து தொடங்குவோம். வேதியியல் அறிஞர் ஜான் டால்டன் 1794ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரின் இலக்கிய, தத்துவக் கழகத்தில் தம் பார்வையைப் பற்றியே ஓர் உரை நிகழ்த்தினார். பிறர் இளஞ்சிவப்பு எனக் கண்ட ஒரு பூ அவருக்குப் பகலொளியில் வான்நீலமாகவும் மெழுகுவத்தி ஒளியில் சிவப்பாகவும் தோன்றியது. அவருடைய உடன்பிறந்தாருக்கும் அவ்வாறே தோன்றியது. தம் கண்ணுக்குள் இருக்கும் நீர்மம் நீலநிறம் உடையதாதல் வேண்டும் என அவர் கருதினார். 1844இல் அவர் இறந்தபின் அவர் விருப்பப்படியே கண்கள் ஆராயப்பட்டன. நீர்மம் நிறமற்றதாகவே இருந்தது. பாதுகாக்கப்பட்டிருந்த அக்கண்ணின் திசுவிலிருந்து மரபணுவைப் பிரித்து 1995இல் ஆராய்ந்தபோது, நடுத்தர அலைநீள ஒளியை உணரும் நிறமி அவரிடம் இல்லை என்பது தெளிவாயிற்று. உண்மைக் காரணம் புலப்பட இரண்டு நூற்றாண்டுகள் ஆயின.

மனித விழித்திரையில் மூவகைக் கூம்புச் செல்கள் உள்ளன. அவை முறையே ஏறத்தாழ 420, 530, 560 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை மிகுதியாக உணர்கின்றன. குறுகிய அலையை உணரும் நிறமிக்கான மரபணு ஏழாவது குரோமோசோமில் உள்ளது. ஆகவே அது பால் வேறுபாட்டோடு தொடர்பற்றது. ஏனைய இரண்டும் எக்ஸ் குரோமோசோமின் முனைப்பகுதியில் அருகருகே அமைந்துள்ளன. ஜெரமி நேத்தன்ஸும் அவர்தம் குழுவினரும் 1986இல் இம்மரபணுக்களை இனங்கண்டனர். இவ்விரண்டும் ஒன்றையொன்று பெரிதும் ஒத்தவை. இரட்டையர் போன்ற இவை அண்டை வீட்டில் குடியிருப்பதே சிக்கலுக்குக் காரணம்: கருவணு உருவாகும்போது இவை பிழையாகப் பிணைந்து, ஒன்று காணாமற்போகவோ இரண்டும் கலந்த ஒன்று தோன்றவோ நேர்கின்றது.

பெண்ணிடம் எக்ஸ் குரோமோசோம் இரண்டுண்டு. ஒன்றிலுள்ள குறையை மற்றொன்று ஈடுசெய்யும். ஆணிடம் இருப்பது ஒன்றே. வட ஐரோப்பிய வழியினரான ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு, பச்சை ஆகியவற்றைப் பிரித்தறிவதில் குறைபாடு உண்டு. பல ஆசிய மக்களினங்களில் ஆண்களிடையே இது 4 அல்லது 5 விழுக்காட்டளவில் உள்ளது. பெண்ணுக்கு இக்குறை வர இரண்டு குரோமோசோம்களிலும் அது இருத்தல் வேண்டும் என்பதால், ஐரோப்பியக் கணக்கின்படி 0.08ஐ 0.08ஆல் பெருக்க 0.64 விழுக்காடு கிடைக்கின்றது. மெய்யாகக் காணப்படுவது அதனினும் சற்றுக் குறைவாக, அரை விழுக்காட்டை ஒட்டியது. ஒரு குரோமோசோமில் சிவப்புணர் மரபணுவும் மற்றொன்றில் பச்சையுணர் மரபணுவும் பழுதுற்றிருந்தால் அப்பெண்ணின் பார்வை குறைவுபடாது என்பதே இவ்விடைவெளிக்குக் காரணம்.

இக்குறைபாடு தந்தையிடமிருந்து மகனுக்கு வருவதில்லை. மகன் தன் எக்ஸ் குரோமோசோமைத் தாயிடமிருந்தே பெறுகிறான். ஆதலால் சிறுவன் ஒருவனுக்கு இக்குறை இருப்பின், தாய்வழிப் பாட்டனையும் தாய்மாமனையும் வினவுதல் பயன் தரும். சிற்றப்பனையும் பெரியப்பனையும் வினவிப் பயனில்லை. நம் மரபில் வழங்கிய தாய்மாமன் திருமணம் ஈண்டுக் கருதத்தக்கது. குறைபாடுடைய ஒருவர் தம் அக்காள் மகளை மணக்கும்போது, அப்பெண் அதே மரபணுவைத் தாங்கியிருக்கும் வாய்ப்பு அயலாரினும் மிகுதி. அவ்வாறாயின் பிறக்கும் பெண் குழந்தைக்கும் இக்குறை வரக்கூடும். 'பெண்ணுக்கு நிறக்குருடு வராது' என்று கூறிவிடுதல் பொருந்தாது.

நான்காம் கூம்பு

மேற்கண்ட கணக்கின் மறுபக்கம் இன்னும் சுவையானது. எட்டு விழுக்காடு ஆண்கள் குறைபாடுடையோர் எனில், ஒரு பழுதுற்ற மரபணுவைத் தாங்கி நிற்கும் பெண்கள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் ஆவர். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரு எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்றே செயற்படும் என்பதை மேரி லயன் 1961இல் முன்வைத்தார். எனவே இப்பெண்களுட் பலரது விழித்திரையில் வழக்கமான மூவகைக் கூம்புகளோடு சற்றே மாறுபட்ட நான்காம் வகையும் கலந்திருக்கும். இத்தகையோர் நான்கு அடிப்படைகளைக் கொண்டு நிறம் காண்பவராக இருக்கலாம் என்னும் கருத்தை டச்சு அறிஞர் டெ விரீஸ் 1948ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். கேப்ரியேல் ஜோர்டன் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய மரபணுவைத் தாங்கிய 24 பெண்கள் சோதிக்கப்பட்டனர். நான்கு அடிப்படைப் பார்வைக்குரிய நடத்தையைத் தெளிவாகக் காட்டியவர் அவர்களுள் ஒருவரே.

இவ்வெண்ணிக்கையை ஆய்வாளர்கள் மறத்தலாகாது. பெண்கள் ஆண்கள் காணாத கோடிக்கணக்கான நிறங்களைக் காண்கின்றனர் என்று நாளிதழ்களில் வரும் செய்திகளின் வேர் இதுவே. இருபத்து நால்வருள் ஒருவர் என்பது அச்செய்திகளில் இருப்பதில்லை. விழித்திரையில் நான்காம் கூம்பு இருப்பது ஒன்று, மூளை அதனைத் தனி நிறமாகப் பயன்கொள்வது மற்றொன்று.

பால்வழி நிறவேறுபாட்டை முழுமையாகக் காண விரும்புவோர் தென் அமெரிக்காவின் அணில் குரங்குகளை நோக்கலாம். அவற்றின் எக்ஸ் குரோமோசோமில் இவ்வகை மரபணு ஒன்றே உண்டு. ஆனால் அதற்குப் பல வடிவங்கள் உள்ளன. ஆகவே ஆண் குரங்குகள் அனைத்தும் இரு அடிப்படைப் பார்வையினவே. இருவேறு வடிவங்களைப் பெற்ற பெண் குரங்குகள் மட்டும் மூன்று அடிப்படைகளில் காண்கின்றன. நெய்ட்ஸ் இணையரும் அவர்தம் குழுவினரும் மரபணு மருத்துவத்தின்வழி ஆண் குரங்குகட்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் ஆற்றலைத் தந்ததை 2009இல் வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றுக்கு டால்டன் என்றே பெயரிட்டிருந்தனர்.

குறையற்ற கண்களிடையே

குறைபாடு எதுவுமில்லாத ஆண், பெண் இருபாலாரையும் ஒப்பிட்டால் வேறுபாடு மிகவும் சுருங்கிவிடுகின்றது. நியூயார்க்கின் புரூக்ளின் கல்லூரியைச் சேர்ந்த இசுரேல் அப்ரமோவ் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே நிறச்சாயலை உணர ஆண்கட்குச் சற்றே நீண்ட அலைநீளம் தேவைப்பட்டது. நிறமாலையின் நடுப்பகுதியில் அவர்தம் பிரித்தறியும் திறன் சிறிதே குறைந்திருந்தது. ஆய்வுக்கூடத்தில் ஒற்றை அலைநீள ஒளியைக் காட்டி அளந்தாலன்றி இவ்வேறுபாடு புலப்படாது. குறையற்ற ஆண்களே தமக்குள் வேறுபடுகின்றனர் என்பதையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்: நீண்ட அலையை உணரும் நிறமியின் 180ஆவது இடத்தில் சிலர்க்குச் செரினும் சிலர்க்கு அலனினும் அமைந்துள்ளன, இவ்வொரு மாற்றமே உணர்திறனின் உச்சத்தைச் சில நானோமீட்டர் நகர்த்திவிடும்.

பெண்கள் இளஞ்சிவப்பை இயற்கையாகவே விரும்புகின்றனர் என்னும் கூற்றை நீள ஆராயத் தேவையில்லை. 2007இல் ஹர்ல்பெர்ட்டும் லிங்கும் வெளியிட்ட ஆய்வு அதற்குக் கனி பறித்த ஆதிமகளைக் காரணமாக ஊகித்தது. நமீபியாவின் ஹிம்பா மக்களிடையே நிகழ்ந்து 2013இல் வெளிவந்த ஆய்வில் அவ்விருப்ப அமைப்புக் காணப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வணிக இதழ்கள் சில, ஆண் குழந்தைக்கே இளஞ்சிவப்பு உரியது என எழுதியிருந்தன என்பதும் பதிவாகியுள்ளது.

சொல்லும் நிறமும்

லேக்காஃபுக்கு மீள்வோம். 1973இல் கட்டுரையாகவும் 1975இல் நூலாகவும் வெளிவந்த அவரது ஆய்வு, வெளிர் ஊதா போன்ற நுண்ணிறங்களைக் குறிக்கும் சொற்கள் பெண்ணின் பேச்சில் இயல்பாக ஒலிக்கும் எனவும் ஆண் அவற்றைப் பேசினால் கேட்போர் வியப்பர் எனவும் கூறியது. அதற்கு அவர் காட்டிய காரணம் கண்ணன்று, அதிகாரம். பெரிய முடிவுகளைத் தம்மிடம் வைத்துக்கொண்ட ஆணுலகம், திரைச்சீலையின் நிறத்தை முடிவு செய்யும் உரிமையைப் பெண்ணுக்கு விட்டுக்கொடுத்தது என்பதே அவர்தம் வாதம். தம் சொந்த மொழியுணர்வையே அவர் பெரிதும் சான்றாகக் கொண்டார். கண்ணின் நுட்பத்திற்கு அவரை மேற்கோள் காட்டுவது அவர் வாதத்தையே தலைகீழாக்குவதாகும்.

எலேன் ரிச் என்பார் 1977இல் இதனைச் சோதனைக்கு உட்படுத்தினார். பெண்கள் ஆண்களைவிட நுண்ணிறப் பெயர்களை மிகுதியாகக் கையாண்டனர். ஆயினும் இளைய ஆண்கள் மூத்த ஆண்களை விஞ்சினர். கத்தோலிக்கக் கன்னியரையும் அவர் தனிக் குழுவாகச் சேர்த்திருந்தார். ஆடை நிறத்தில் தெரிவுக்கே இடமில்லாத அவர்கள் ஏனைய பெண்களைவிடச் சற்றுக் குறைவாகவும் ஆண்களைவிடச் சற்று மிகுதியாகவும் நுண்சொற்களைப் பயன்படுத்தினர். கண்தான் காரணமெனில் தலைமுறைக்குத் தலைமுறை ஆண்களின் சொற்றொகை மாறியிருத்தல் இயலாது. இன்றைய உடையொன்றே காரணமெனில் கன்னியர் ஆண்களோடு ஒத்திருத்தல் வேண்டும். சிறுமைப் பருவத்துப் பயிற்சியின் பங்கை இம்முடிவு நினைவூட்டுகின்றது எனலாம்.

தமிழ்ச் சூழலில் இதனை எண்ணிப் பார்க்க வேறோரிடம் செல்ல வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸிலோ சிராங்கூன் சாலையிலோ உள்ள ஒரு புடைவைக் கடையில் அரைமணி நேரம் நின்றாற்போதும். அரக்கு, வாடாமல்லி, கிளிப்பச்சை, இலைப்பச்சை, மாம்பழ மஞ்சள், வெங்காயச் சருகு, கத்தரிப்பூ, மயில்கழுத்து, எம்.எஸ். நீலம் எனப் பெயர்கள் மளமளவென வரும். அவற்றை அடுக்கிச் சொல்லிப் புடைவையை விரித்துப் போடுபவர் பெரும்பாலும் ஆண். சாயமிடுவோரும் தறியில் நெய்வோரும் பலவிடங்களில் ஆண்களே. தொழில் கேட்டால் ஆணின் நாவும் நிறங்களைப் பிரிக்கின்றது. இப்பெயர்களுட் சில வெறும் நிறத்தைக் குறிப்பனவும் அல்ல: மயில்கழுத்து என்பது பாவும் ஊடும் வெவ்வேறு நிறமாக நெய்யப்பட்டு, அசைவுக்கேற்ப நீலமும் பச்சையும் மாறித் தோன்றும் துணிக்கே பொருந்தும். அதனை ஓர் அலைநீளமாகக் காட்டவியலாது. குரு, கெழு என்னும் உரிச்சொற்கள் நிறப்பொருள் உணர்த்துவதைத் தொல்காப்பிய உரியியல் கூறுகின்றது. தமிழில் நிறச்சொல்லாய்வு செய்ய விழைவோர்க்கு இவ்வளவு செல்வம் இருக்க, ஆங்கில நிறப்பட்டியலை மொழிபெயர்த்து வினாநிரல் அமைப்பது நமக்கு வியப்பளிக்கின்றது.

சொல் காட்சியை அறவே பாதிப்பதில்லை என்பதும் நம் கருத்தன்று. வெளிர்நீலத்திற்கும் அடர்நீலத்திற்கும் தனித்தனி அடிப்படைச் சொற்களையுடைய உருசிய மொழியினர், அவ்வெல்லையைக் கடக்கும் நீலங்களை விரைந்து பிரித்தறிந்தனர் என 2007இல் வினாவர் குழுவினர் காட்டினர். ஆங்கிலேயரிடம் அவ்விரைவு இல்லை. இவ்விளைவு உருசிய ஆண், பெண் இருபாலார்க்கும் பொதுவான மொழியினால் வருவது.

வகுப்பறையில்

தமிழ்ப்பள்ளி முதலாமாண்டில் நிறப்பெயர் கற்பிக்கும்போது, சிறுவனொருவன் இலைக்குப் பழுப்பு நிறம் தீட்டுகிறான். ஆசிரியர் அதனைக் கவனக்குறைவு என்று கொள்வதுண்டு. 'ஆண்பிள்ளைகளுக்கு இதிலெல்லாம் நாட்டமில்லை' என்று சிரித்துவிடுவதும் உண்டு. பதினைந்து ஆண் மாணவர்கள் பயிலும் வகுப்புகளில், ஐந்து விழுக்காடு என்று கொண்டாலும், சராசரியாக இரண்டு வகுப்புகளுக்கு ஒரு சிறுவனேனும் குறைபாடுடையவனாக இருப்பான். மெய்யாகவே காணவியலாத ஒன்றுக்காக அவன் கடிந்துகொள்ளப்படுகிறான்.

தமிழில் மற்றொரு சிக்கலும் உண்டு. பழுப்பு என்னும் சொல்லைப் பாடநூல் காப்பிநிறத்துக்கு வைக்கின்றது. வழக்கிலோ அது முதிர்ந்த இலையின் மஞ்சள் கலந்த நிறத்தையும் குறிக்கும். ஊதா என்னும் சொல் சில வீடுகளில் நீலத்தையே குறிக்கின்றது. ஆகவே பிழையான விடை கண்ணிலிருந்தும் வரலாம், வீட்டுமொழியிலிருந்தும் வரலாம். இவற்றைப் பிரித்தறிய ஆசிரியர்க்கு எளிய வழியொன்றுண்டு. பெயர் கேட்பதை விடுத்து, ஒத்த நிறமுள்ள நூல்களையோ அட்டைகளையோ பொருத்தச் சொல்லலாம். சரியாகப் பொருத்திவிட்டுப் பெயரை மட்டும் மாற்றிச் சொல்லும் குழந்தைக்கு வேண்டியது சொற்பயிற்சி. பச்சையையும் பழுப்பையும், அல்லது இளஞ்சிவப்பையும் சாம்பலையும் ஒன்றாகச் சேர்த்துவிடும் குழந்தையைக் கண் பரிசோதகரிடம் அனுப்புதல் வேண்டும். ஷினோபு இஷிஹாரா 1917இல் வெளியிட்ட புள்ளித் தட்டுகளின் சோதனை இன்றும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சிறுமியர் இதனைச் செய்யும்போதும் அவ்வாறே அனுப்புதல் வேண்டும். அவர்களிடம் இக்குறையை எவரும் எதிர்பாராமையால் அது பெரும்பாலும் தாமதமாகவே வெளிப்படுகின்றது.

உயிரெழுத்தைச் சிவப்பிலும் மெய்யெழுத்தைப் பச்சையிலும் எழுதிக் காட்டும் பழக்கமுடைய ஆசிரியர், நிறத்தோடு ஓர் அடிக்கோட்டையோ வட்டத்தையோ சேர்த்துவிட்டால் அச்சிறுவனும் பாடத்தைத் தொடர்வான். கறுப்பு எழுத்தின்மேல் சிவப்பு மையால் செய்யப்படும் திருத்தம் நீண்ட அலையை உணராத கண்ணுக்கு ஏறத்தாழ அதே கருமையாகவே தோன்றும். தன் கட்டுரையில் எது தன் எழுத்து, எது ஆசிரியரின் திருத்தம் என்று அவன் தேடிக்கொண்டிருப்பான்.