காலையில் அடம்பிடிக்கும் பழைய டீசல் வண்டி... புகையைப் பார்த்தாலே பாதி நோய் தெரியும்!

‘எலுமிச்சை நகரம்’ என்று பெயரெடுத்த ஊர் புளியங்குடி. தோட்டத்தில் பறித்த காய் மூட்டைகள் மார்க்கெட் வந்து, அங்கிருந்து செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கும் போகின்றன. இந்த வேலையில் பாதி விடிவதற்கு முன்பே நடக்கிறது. அந்த நேரம் பார்த்து வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்? காய் வாடும், ஏலம் முடிந்துவிடும், அன்றைய வருமானம் போச்சு.

மார்கழிப் பனியில் பழைய டீசல் ஜீப்பும் டெம்போவும் இப்படிப் படுத்துவது சகஜம்தான். ஆனால், “இன்ஜின் போச்சு, பிரிச்சு வேலை பார்க்கணும்” என்று பெரிய செலவில் இறங்குவதற்கு முன்பு, வீட்டு வாசலிலேயே சில விஷயங்களைச் சோதித்துவிடலாம்.

குளிர் ஏன் பகை?

பெட்ரோல் இன்ஜினில் பற்றவைக்க ஸ்பார்க் பிளக் இருக்கிறது. டீசலில் அது கிடையாது. காற்றை ஏறக்குறைய 20-ல் ஒரு பங்காக அழுத்தும்போது, அது 500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாகும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். 1890-களில் ருடால்ஃப் டீசல் உருவாக்கிய இந்த வித்தைதான் இன்றுவரை ஓடுகிறது.

ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடக்கும் இரும்பு, அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். தேய்ந்த ரிங் வழியாகக் காற்றும் கசிந்தால், டீசல் பற்றும் அளவுக்குச் சூடு சேராது. பழைய கார், ஜீப் இன்ஜின்கள் பலவற்றில் ஹீட்டர் பிளக் வைத்திருப்பது இதற்காகத்தான். பெரிய லாரி இன்ஜின்கள் பலவற்றில் அது இருக்காது.

முதலில் பேட்டரி

செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் காற்று சூடாவதற்குள் குளிர்ந்துவிடும். நல்ல 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். விழாமல் இருந்தும் செல்ஃப் திணறினால், பூத்துப்போன டெர்மினல், தளர்ந்த எர்த் வயர், செல்ஃப் மோட்டார் ஆகியவற்றைப் பாருங்கள். தேவைக்கு மேல் கெட்டியான ஆயிலும் இன்ஜினை இறுக்கிப் பிடிக்கும்.

அடுத்து புகை

செல்ஃப் அடிக்கும்போது ஒருவரைச் சைலன்ஸர் பக்கம் நிற்கச் சொல்லுங்கள்.

புகையே வரவில்லையா? டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. ஸ்டாப் கேபிள் முழுசாக உள்ளே போயிருக்கிறதா, சாவி போட்டதும் பம்பில் இருக்கும் சோலனாய்டு ‘டிக்’ என்கிறதா என்று பாருங்கள். அடுத்த சந்தேகம் ஏர் பிடிப்பது. டியூபில் முடிக்கண் அளவு வெடிப்பு இருந்தாலும், ராத்திரியில் டீசல் டேங்குக்கே திரும்ப இறங்கிவிடும். கைப்பம்பை அடித்து ஏர் எடுத்ததும் வண்டி கிளம்பினால், ஓட்டை எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். ஃபில்டரில் தேங்கிய தண்ணீரையும் வடித்துவிடுங்கள்.

வெள்ளைப் புகை வருகிறதா? டீசல் போகிறது, எரியவில்லை. இங்கேதான் ஹீட்டர் பிளக்கைச் சோதிக்க வேண்டும். பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றி, டெஸ்ட் லேம்பின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைப் பிளக் தலையிலும் வையுங்கள். பல்பு எரியாவிட்டால் அந்தப் பிளக் காலி. எல்லாமே எரிந்தால், சாவி போட்டதும் பட்டைக்குக் கரன்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ரிலே அல்லது ஃபியூஸ்.

கிளம்பிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கெட்டைக் கவனிக்க வேண்டும்.

இன்ஜினைப் பிரிப்பது எப்போது?

பேட்டரி, டீசல், ஹீட்டர் மூன்றும் சரி, ஆனாலும் கிளம்பவில்லை. அப்போதுதான் மெக்கானிக்கிடம் வால்வு இடைவெளி, பம்ப் டைமிங், நாசில், கடைசியாகக் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்ல வேண்டும். கேஜ் வைத்து அளக்காமல் “கம்ப்ரஷன் இல்லை” என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். காலையில் சட்டென்று கிளம்பி, ஓடிச் சூடான பிறகு மட்டும் அடம்பிடித்தால் சந்தேகம் பம்ப் மேல் போக வேண்டும்.

இதை மட்டும் செய்யாதீர்கள்!

ஏர் ஃபில்டர் வழியாகப் பெட்ரோலையோ ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயையோ அடிப்பது ஆபத்து. ஹீட்டர் பிளக் சூடாக இருந்தால் உள்ளே வெடித்து, ரிங்கும் பிஸ்டனும் உடையலாம், முகமும் கருகலாம். லாரியின் 24 வோல்ட்டில் இருந்து 12 வோல்ட் வண்டிக்கு வயர் போடுவதும் வேண்டாம். செல்ஃபை 10 நொடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல், அரை நிமிடம் ஆறவிட்டு மறுபடி அடியுங்கள்.

டெர்மினலைச் சுரண்டுவதற்குக் காசு தேவையில்லை; ஒரு டியூபும் ஒரு பிளக்கும் சில நூறு, சில ஆயிரத்தில் முடியும் வேலை. இன்ஜின் வேலை அப்படியல்ல. அதனால் சின்னச் செலவில் ஆரம்பித்துப் பெரிய செலவுக்குப் போங்கள். பெரும்பாலும் பாதி வழியிலேயே வண்டி உறுமிவிடும்!