மார்க்கைக் கேட்காதீர்கள், விதியைக் கேளுங்கள்

"கடல் மட்டத்திலிருந்து மிக உயரத்தில் இருக்கும் தலைநகரம் எது?" மெக்சிகோ சிட்டி, கீட்டோ, பொகோட்டா, காத்மாண்டு என்று நான்கு விடைகள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில், 16,000 டாலருக்காக இந்தக் கேள்வி ரிக் ரோஸ்னர் என்ற போட்டியாளர் முன் வந்தது. நிகழ்ச்சி 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்'. விஜய் டிவியில் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' என்று வந்ததே, அதன் மூத்த பங்காளி. இமயமலையை நினைத்தாரோ என்னவோ, ரோஸ்னர் காத்மாண்டு என்றார். நிகழ்ச்சிக்காரர்கள் வைத்திருந்த விடை கீட்டோ. ஆட்டம் முடிந்தது.

அவர் விடவில்லை. பொலிவியாவின் லா பாஸ் நகரம் 3,600 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, கீட்டோவோ சுமார் 2,850 மீட்டர்தான், சரியான விடையே பட்டியலில் இல்லாத கேள்வி எப்படிச் செல்லும் என்று வழக்குப் போட்டார். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் பொலிவியாவின் அரசியல் சாசனம் தலைநகரம் என்று சொல்வது சுக்ரேயை. லா பாஸ் அரசு அலுவலகங்கள் இருக்கும் ஊர். சுக்ரே கீட்டோவைவிடச் சற்றுத் தாழ்வு. அப்படிப் பார்த்தால் கேள்வி சரியாகிவிடுகிறது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் காத்மாண்டு மட்டும் தேறாது. சுமார் 1,400 மீட்டரில், அந்த நான்கில் கடைசி அதுதான். ரோஸ்னர் வழக்கில் தோற்றார்.

2006இல் அதே நிகழ்ச்சியின் பிரிட்டிஷ் பதிப்பில் கதை வேறுமாதிரி போனது. தர்ம காரியத்துக்காக ஆடிய லாரன்ஸ் லெவெலின்-போவன் தம்பதியிடம், 10 லட்சம் பவுண்டுக்கான கடைசிக் கேள்வி: லத்தீனிலிருந்து மொழிபெயர்த்தால் அமெரிக்காவின் குறிக்கோள் வாசகம் என்ன? 'கடவுளை நம்புகிறோம்' என்றார்கள். நிகழ்ச்சியின் விடை 'பலவற்றிலிருந்து ஒன்று'. லத்தீனில் இருப்பது இரண்டாவதுதான். ஆனால் 1956 முதல் சட்டப்படி அதிகாரபூர்வ வாசகம் முதலாவது. கேள்வி இரு பொருள் தருகிறது என்று நிகழ்ச்சிக்காரர்களே ஒப்புக்கொண்டு, தம்பதியைத் திரும்ப அழைத்து வேறு கேள்வி கேட்டார்கள். அவர்கள் விடை சொல்லாமல் 5 லட்சம் பவுண்டோடு எழுந்துகொண்டார்கள்.

இரண்டு கதைகளிலும் சண்டை கேள்வியைப் பற்றி. நம் வீட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நடக்கும் சண்டை பெரும்பாலும் அப்படியில்லை. "அந்தப் பொண்ணு எவ்வளவு நல்லாப் பாடுச்சு, அவளைப் போய் எலிமினேட் பண்ணிட்டானுங்க" என்பதுதான் அது. இந்தக் கோபத்துக்குச் சட்டத்தில் மருந்து கிடையாது. பத்துக்கு ஏழு போட்ட நடுவரை ஒன்பது போடச் சொல்ல எந்த நீதிமன்றமும் முன்வராது. ஆனால் அந்த ஏழைக் கூட்டியது சரியா, அறிவித்த விதிப்படிதான் ஆளை வெளியேற்றினார்களா, சொன்ன பரிசு கைக்கு வந்ததா என்பவை வேறு கேள்விகள். இவற்றுக்கு வழி உண்டு.

பத்திரிகைச் சிறுகதைப் போட்டிக் காலத்திலிருந்தே நமக்கு மனப்பாடமான வரி ஒன்று இருக்கிறது: 'ஆசிரியர் முடிவே இறுதியானது, கடிதப் போக்குவரத்துக்கு இடமில்லை.' தொலைக்காட்சி அதை 'நடுவர் தீர்ப்பே இறுதியானது' என்று மாற்றிக்கொண்டது. இந்த வரியைக் கண்டதும் பலர் பேனாவை மூடிவைத்துவிடுகிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 28ஆவது பிரிவு, ஒருவர் தன் ஒப்பந்த உரிமைக்காக நீதிமன்றம் போவதை அடியோடு தடுக்கும் ஷரத்து செல்லாது என்கிறது. மதிப்பெண் விஷயத்தில் நடுவர் சொல்தான் கடைசி. மோசடியையும் விதிமீறலையும் மூடிமறைக்க அந்த வரி உதவாது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: தகராறு வந்தால் மத்தியஸ்தரிடம் போக வேண்டும் என்று எழுதியிருந்தால் அதைச் சட்டம் அனுமதிக்கிறது. மத்தியஸ்தம் நடக்கும் இடம் மும்பை என்று போட்டிருந்தால், தேனியிலிருக்கும் போட்டியாளருக்கு அது பாதித் தோல்வி.

இனி என் அக்கா வீட்டுக் கதை. பாட்டுப் போட்டி ஒன்றின் ஆடிஷன், மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில். அக்கா மகளுக்கு அப்போது பதினேழு வயது. காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்று, மதியம் மூன்று மணிக்குத் தேர்வாகி வெளியே வந்ததும், கழுத்தில் அட்டை மாட்டிய பையன் ஒருவன் பரீட்சை அட்டையில் செருகிய ஆறு பக்க ஆங்கில ஒப்பந்தத்தை நீட்டினான். "கையெழுத்து மட்டும் போடுங்கக்கா, எல்லாம் ஃபார்மாலிட்டிதான்." அக்கா போட்டாள். நகல் கேட்கத் தோன்றவில்லை. நல்லவேளையாக மகள் ஆறு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள், தோழிகளுக்குக் காட்ட.

ஐந்தாம் சுற்றில் அவள் வெளியேறினாள். கடைசி இரண்டு பேர்தான் போவார்கள் என்று மேடையில் சொன்னார்கள். இவள் கடைசியிலிருந்து மூன்றாவது. ஏற்கெனவே வெளியேறிய ஒருவர் வைல்டு கார்டில் திரும்பி வந்திருந்தார். "தம்பி, இதை விடக்கூடாதுடா" என்று அக்கா ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்தாள். மதிப்பெண் பட்டியல் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினோம். பன்னிரண்டாம் நாள், அது நிகழ்ச்சியின் படைப்பு சார்ந்த முடிவு என்று இரண்டு வரி பதில். அப்புறம்தான் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் படித்தேன். நான்காம் பக்கத்தில், முன்னறிவிப்பின்றி நிகழ்ச்சி வடிவத்தை மாற்றும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று இருந்தது. மேடையில் சொன்னதைவிட அந்தப் பக்கத்துக்குப் பலம் அதிகம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று அக்கா கேட்டாள். இங்கே ஒரு சிக்கல். பணம் கொடுத்துச் சேவை பெறுபவர்தான் நுகர்வோர். கட்டணமில்லாமல் போட்டியில் கலந்துகொண்டவர் அந்த வரையறைக்குள் வருவாரா என்பதே முதல் வாதமாகிவிடும்; ஒப்பந்த மீறலுக்கு உரிமையியல் நீதிமன்றம்தான் அவருக்குப் பொருத்தமான இடம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். நுழைவுக் கட்டணம் கட்டியவர், காசு கொடுத்து எஸ்எம்எஸ் வாக்குப் போட்டவர் நிலைமை வேறு. பரிசு என்று சொல்லிவிட்டுக் கொடுக்காமல் இருப்பதும், முடிவை வெளியிடாமல் மறைப்பதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி முறையற்ற வணிக நடைமுறை. முதலில் 1915க்கு அழையுங்கள். பிறகு தேவைப்பட்டால் உங்கள் மாவட்ட ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள், மனு போடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை.

மனு போடுவது சுலபம், நிரூபிப்பதுதான் பாடு. 2007இல் ஷாருக் கான் நடத்திய 'கோன் பனேகா குரோர்பதி' பருவத்தில் வீட்டிலிருப்பவர்களுக்கும் ஒரு கேள்வி வைத்தார்கள். சரியான விடையை எஸ்எம்எஸ் செய்தவர்களில் ஒருவருக்கு 2 லட்சம் ரூபாய். ஒரு எஸ்எம்எஸ் 2.40 ரூபாய். வந்தவை சுமார் 5.8 கோடி எஸ்எம்எஸ், பெருக்கினால் 13.92 கோடி ரூபாய். கொடுத்த பரிசு மொத்தம் 1.04 கோடி. பரிசு இலவசம் என்ற எண்ணத்தை உண்டாக்கி, ஜனங்களின் காசிலிருந்தே கொடுத்தார்கள் என்று ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் ஸ்டார் இந்தியாவுக்கும் ஏர்டெல்லுக்கும் 1 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது: எஸ்எம்எஸ் வருமானத்திலிருந்துதான் பரிசு போனது என்பதற்கு ஆதாரம் இல்லை. எனக்கு அந்தக் கணக்கைப் பார்த்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஆனாலும் வயிற்றெரிச்சலைச் சாட்சியாக எந்த நீதிமன்றமும் ஏற்காது.

போட்டியே நாடகமாக இருந்தால்? அமெரிக்காவில் 1956இல் 'ட்வென்டி ஒன்' நிகழ்ச்சியில் ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் என்பவரை, முந்தைய ஆண்டின் ஆஸ்கர் சிறந்த படம் 'மார்ட்டி' என்று தெரிந்தும் தப்பாகச் சொல்ல வைத்தார்கள். அவரைத் தோற்கடித்த சார்லஸ் வான் டோரன், விடைகள் தனக்கு முன்கூட்டியே வந்தன என்று 1959இல் நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டார். அதுவரை அதைக் குற்றம் என்று சொல்ல அங்கே சட்டமே இல்லை; 1960இல்தான் கொண்டுவந்தார்கள். நம்மிடம் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது, பொதுவான ஏமாற்றுக் குற்றப் பிரிவைத்தான் நாட வேண்டும்.

மேடையில் பிள்ளைகளை அவமானப்படுத்துவது, அழவைத்துப் படம்பிடிப்பது போன்றவற்றுக்குத் தனி வழி இருக்கிறது. 2021 விதிகளின்படி எந்தச் சேனலும் இத்தகைய புகாரை 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, 15 நாளில் முடிவு தெரிவிக்க வேண்டும். திருப்தியில்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் சேனல்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட கலைஞர் என்றால் ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வைப்பு நிதியாகப் போக வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு மகனுக்கு மேக்கப் கலையாமல் பார்த்துக்கொள்ளும் பெற்றோர் இதைக் கேட்பதில்லை, கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்ற பயம்.

ஜெயித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. தொலைக்காட்சிப் பரிசுக்கு வரி 30 சதவீதம், அதன்மேல் கூடுதல் தீர்வை; ஆக 31.2. விலக்கு வரம்பெல்லாம் இதற்குப் பொருந்தாது. பரிசு வீடாகவோ காராகவோ இருந்தால் வரியைக் கட்டிய பிறகுதான் சாவி. அந்தப் பணம் யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளாமலே வாட்ஸ்அப்பில் '25 லட்சம் ஜெயித்தீர்கள், வரியை முன்கூட்டி அனுப்புங்கள்' என்று வந்தால் அது திருட்டு. பணம் போய்விட்டிருந்தால் உடனே 1930.

அக்கா மகளின் மார்க் விவகாரத்தை அதோடு விட்டுவிட்டோம். ஆனால் அந்தப் படங்களில் ஐந்தாம் பக்கமும் இருந்தது. போட்டியாளருக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தை 30 நாளில் திருப்பித் தருவதாக அதில் எழுதியிருந்தார்கள். நான்கு மாதமாகியும் வரவில்லை. டிக்கெட் நகலையும் அந்தப் பக்கத்தின் படத்தையும் இணைத்து ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள் அக்கா, இந்த முறை என்னைக் கேட்காமலே. ஒன்பதாம் நாள் 1,840 ரூபாய் அவள் கணக்கில் விழுந்தது.