குளிர் அறையில் ஒரு பொறி

சென்ற விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, அண்ணாவின் பிள்ளைகள் இருவரையும் யாழ்ப்பாண நகரத்தில் உள்ள ஓர் உள்ளரங்க விளையாட்டிடத்துக்குக் கூட்டிப் போனேன். அக்காவுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. குருநகரில் அவர்களுடைய வீட்டு வாசலில் நின்றால் கடல் தெரியும். கரையில் ஏற்றிவைத்த வள்ளங்களும் மணலும் இறங்குதுறையும்தான் அவர்கள் அன்றாடம் விளையாடும் இடம். நான்கு சுவருக்குள், கூரைக்குக் கீழே, குளிரூட்டி போட்ட மண்டபத்தில் விளையாடப் போவது இருவருக்கும் அதுவே முதல் தடவை.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். காலுறை போடச் சொன்னார்கள். உள்ளே போனதும் தம்பி நேரே பெரிய பிளாஸ்ரிக் சறுக்குக்கு ஓடினான். மூன்று தரம் ஏறி இறங்கினான். நான்காம் தரம் சறுக்கி வந்தவன், கீழே நின்ற அக்காவின் கையைப் பிடிக்க விரலை நீட்டினான். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

"ஆ! சித்தப்பா, தம்பி எனக்குக் கறன்ற் அடிச்சுப்போட்டான்!"

தம்பியைப் பார்த்தேன். அவனுடைய தலைமயிர் முழுவதும் முள்ளம்பன்றி முள்ளுப்போல எழும்பி நின்றது.

பிள்ளைகளே, அக்கா சொன்னது சரி. அது மின்சாரம்தான். எல்லாப் பொருள்களுக்குள்ளும் இலத்திரன் எனப்படும் மிக மிகச் சிறிய துணிக்கைகள் இருக்கின்றன. இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று உரசும்போது ஒன்றிலிருந்து மற்றதற்குச் சில இலத்திரன்கள் தாவிவிடும். தம்பியின் காற்சட்டையும் காலுறையும் சறுக்கோடு உரச உரச, அவனுடைய உடம்பில் மின்னேற்றம் சேர்ந்துகொண்டே வந்தது. ஒரே வகை ஏற்றம் உள்ளவை ஒன்றையொன்று தள்ளும். அவனுடைய ஒவ்வொரு மயிரும் பக்கத்து மயிரைத் தள்ளியது, அதனால்தான் எல்லாம் விலகி எழும்பி நின்றன. இப்படி ஓடாமல் ஓரிடத்தில் தங்கி நிற்கும் மின்னுக்கு நிலைமின் என்று பெயர். இலத்திரன் என்ற சொல்லே, அம்பர் என்ற மரப்பிசின் கல்லுக்குக் கிரேக்கர் வைத்திருந்த பெயரிலிருந்து வந்தது. அந்தக் கல்லைத் துணியில் தேய்த்தால் தும்புகளை இழுக்கும் என்று அவர்கள் 2,500 ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

தம்பியின் விரல் அக்காவை நெருங்கியதும், சேர்ந்திருந்த ஏற்றம் இடையில் இருந்த காற்றைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. ஒரு மில்லிமீற்றர் காற்றைத் தாண்டிப் பொறி பாய்வதற்கு ஏறத்தாழ 3,000 வோல்ற்று வேண்டும். எங்கள் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்றுத்தான். அப்படியானால் அக்காவுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? மிக உயரத்திலிருந்து விழும் ஒரேயொரு மழைத்துளியை நினைத்துப் பாருங்கள். உயரம் பெரிது, ஆனால் தண்ணீர் ஒரு துளிதான். தலையில் விழுந்தாலும் நோகாது. வீட்டு மின்சாரம் அப்படியல்ல. அது நிற்காமல் பாயும் வாய்க்கால். ஆகவே, சறுக்கில் பொறி அடித்தது பகிடியாக இருந்தது என்று வீட்டுச் செருகித் துளையில் ஒருபோதும் விரலையோ கம்பியையோ வைக்கக் கூடாது.

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஒரு நல்ல கேள்வி கேட்டாள்.

"எங்கட வீட்டிலையும் பிளாஸ்ரிக் கதிரை கிடக்குது. நாங்கள் அதிலை எவ்வளவு உரசுறம். ஒருநாளும் இப்பிடி அடிச்சதில்லையே?"

இந்தக் கேள்விக்கு விடை மண்டபத்துக்கு உள்ளே இல்லை. இருவரையும் கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிப் போனேன். குளிரூட்டியிலிருந்து வந்த ஒரு சிறு குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே யாரோ ஒரு வாளி வைத்திருந்தார்கள். அது பாதி நிறைந்திருந்தது.

"இந்தத் தண்ணி எங்கயிருந்து வருது?" என்று கேட்டேன். "பைப்பிலயிருந்து" என்றான் தம்பி. அந்தக் குளிரூட்டிக்குத் தண்ணீர்க் குழாயே பூட்டவில்லை. அவ்வளவு நீரும் மண்டபத்தின் காற்றிலிருந்து வந்தது! குளிர்ந்த போத்தலை வெளியே வைத்தால் அதன் மேல் நீர் முத்து முத்தாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். குளிரூட்டிக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்களிலும் அப்படித்தான் காற்றின் ஈரம் படிந்து, வடிந்து, வெளியேறுகிறது. உள்ளே இருக்கும் காற்று உலர்ந்து போகிறது.

குருநகரின் காற்று அப்படியானதல்ல. கடல்நீரேரியின் மேலால் வரும் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும். உப்பு டப்பாவைத் திறந்து வைத்தால் உப்புக் கசிகிறதே, அந்த ஈரம்தான். அது பிளாஸ்ரிக் கதிரையின் மேலும் எங்கள் தோலின் மேலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலமாகப் படிகிறது. உரசும்போது சேரும் ஏற்றம் அந்தப் படலத்தின் வழியே உடனுக்குடன் ஒழுகிப் போய்விடும். பொறி பாய்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. சில பூங்காக்களில் இருக்கும் இரும்புத் தகட்டுச் சறுக்கில் மயிர் எழும்பாததற்குக் காரணம் வேறு. இரும்பு மின்னைக் கடத்தும். ஏற்றம் சேரச் சேர அது நிலத்துக்குள் இறங்கிவிடும்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். எண்ணெய் பூசாத தலையைப் பிளாஸ்ரிக் சீப்பால் பத்துத் தரம் வாருங்கள். சீப்பைச் சின்னக் கடதாசித் துண்டுகளுக்கு அருகில் பிடியுங்கள். எத்தனை துண்டுகள் ஒட்டுகின்றன என்று எண்ணி எழுதுங்கள். நல்ல வெயில் மத்தியானம் ஒருமுறை, மார்கழி மழைநாளில் ஒருமுறை, அம்மாவோடு குளிரூட்டி உள்ள இடம் எதற்காவது போகும்போது அங்கே ஒருமுறை. மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், காற்றின் ஈரத்தை நீங்கள் சீப்பால் அளந்துவிட்டீர்கள்.

ஒரு முக்கியமான செய்தி. காது கேளாத சில பிள்ளைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்து காதுக்குள் கேட்கும் கருவி பொருத்தியிருப்பார்கள். அதன் வெளிப்பாகம் காதுக்குப் பின்னால் இருக்கும். நிலைமின் பொறி அந்தக் கருவியில் பதிந்துள்ள ஒழுங்கைக் குழப்பக்கூடும். ஆகவே பிளாஸ்ரிக் சறுக்கில் ஏறமுதல் வெளிப்பாகத்தைக் கழற்றிப் பெரியவர்களிடம் கொடுக்க வேண்டும். உங்கள் தோழர்களில் யாராவது அப்படி இருந்தால் இதை மறக்காமல் நினைவூட்டுங்கள். கழற்றிய பிறகு அவருக்கு உங்கள் குரல் கேட்காது, கையால் சைகை காட்டி விளையாடுங்கள்.

அடுத்து இருவரும் துள்ளு மேடைக்குப் போனார்கள். அதைச் சுற்றி உயரமாக வலை கட்டியிருந்தது. அக்கா வலையைக் கையால் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"சித்தப்பா, இது அப்பப்பா பொத்துற வலை மாதிரிக் கிடக்கு. ஆனா கண் பெரிசு."

அன்று முழுவதும் நான் கேட்ட சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தவை இவைதான். வலைத் தொழிற்சாலையே இருக்கும் ஊர் குருநகர். அந்த ஊர்ப் பிள்ளைக்கு வலையைப் பற்றி நான் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? ஆனாலும் அவளுக்குத் தெரியாத ஒரு கதை என்னிடம் இருந்தது. துள்ளு மேடையே வலையிலிருந்து பிறந்ததுதான்.

1930 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜோர்ஜ் நிசென் என்ற 16 வயதுப் பையன் சர்க்கஸ் பார்க்கப் போனான். உயரத்தில் ஊஞ்சலாடிய கலைஞர்கள் கடைசியில் கீழே கட்டியிருந்த காப்பு வலையில் விழுந்து, துள்ளி எழும்பினார்கள். விழுந்ததோடு துள்ளல் நின்றுவிடுகிறதே, தொடர்ந்து துள்ளினால் எப்படி இருக்கும் என்று அவன் நினைத்தான். பிறகு அயோவாப் பல்கலைக்கழகத்தில் தன் பயிற்றுநர் லாரி கிறிஸ்வோல்ட் என்பவரோடு சேர்ந்து, 1934 இல் இரும்புச் சட்டத்தில் கன்வசுத் துணியை இழுத்துக் கட்டி முதலாவது துள்ளு மேடையைச் செய்தார். 2000 ஆம் ஆண்டு சிட்னியில் அது ஒலிம்பிக் போட்டியாகவே ஆகிவிட்டது.

வலையில் விழுந்தால் ஏன் நோவதில்லை? கணக்குப் போட்டுப் பார்ப்போம். தம்பி ஒன்றேகால் மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறான் என்று வையுங்கள். சீமெந்துத் தரை என்றால் ஒரு சென்ரிமீற்றருக்குள் அவனை நிறுத்திவிடும். அப்போது தரை அவனைத் தாக்கும் விசை, அவனுடைய நிறையைப் போல் நூறு மடங்குக்கும் மேல். வலை அப்படி அவசரப்படாது. அரை மீற்றர் வரை தாழ்ந்து தாழ்ந்து, மெல்ல மெல்ல நிறுத்தும். அப்போது விசை சராசரியாக அவனுடைய நிறையைப் போல் மூன்றரை மடங்குதான். விழுந்த உயரம் ஒன்றுதான், நிறுத்த எடுத்த தூரம்தான் வேறு. இறங்குதுறையில் பழைய ரயர்களைக் கட்டித் தொங்கவிடுவதும் இதற்காகத்தான். அலையில் வந்து மோதும் வள்ளத்தை ரயர் நசிந்து நசிந்து நிறுத்தும்.

வலைக்கு இன்னொரு பெருமை உண்டு. ஒரு நூலில் விழும் பாரம் முடிச்சுகளின் வழியே சுற்றியுள்ள நூல்களுக்கும் பிரிந்து போகும். ஒரு கண் அறுந்தாலும் பக்கத்து முடிச்சு அதை அங்கேயே நிறுத்திவிடும். தம்பியின் காலுறை அப்படியல்ல. அதில் முடிச்சுக் கிடையாது, ஒரு நூல் அறுந்தால் ஓட்டை ஓடிக்கொண்டே போகும்.

துள்ளு மேடையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் துள்ள வேண்டும். பெரியவரும் சிறியவரும் சேர்ந்து துள்ளினால், பெரியவர் அழுத்திய சக்தி சிறியவரைத் தூக்கி எறியும். அக்காவை இறங்கச் சொன்னபோது முகம் சுழித்தாள், ஆனால் காரணம் கேட்டதும் தானாகவே இறங்கினாள்.

கடைசியாகப் பந்துக் குளம். இதை உண்டாக்கியவர் எரிக் மக்மிலன். உங்களில் பலருக்கு மாமாவோ பெரியம்மாவோ இருக்கும் கனடாவின் ரொறன்ரோவில், 1972 இல் பிள்ளைகளுக்கென்று அருமையான ஒரு விளையாட்டுக் கிராமத்தை அமைத்தவர் அவர். சமையலறையில் போத்தலுக்குள் ஊறிக்கொண்டிருந்த வெங்காயங்களைப் பார்த்தபோது, இப்படி உருண்டைகளுக்குள் பிள்ளைகள் புரண்டால் எப்படி என்று தோன்றியதாம். 1976 இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் அதைச் செய்து காட்டினார்.

"அப்பப்பாட வள்ளம் இதிலை மிதக்குமோ?" என்று தம்பி கேட்டான். மிதக்காது. பந்துகளுக்குள் காற்றுத்தான் இருக்கிறது, தண்ணீரைப் போல் தாங்கும் கனம் அவற்றுக்கு இல்லை. நீந்தவும் முடியாது. தண்ணீர் விலகி வழிவிடும், பந்துகளோ ஒன்றோடொன்று உரசி நெருக்கி நிற்கும். எப்படிக் கொட்டினாலும் பந்துகள் இடத்தின் 100 பங்கில் ஏறத்தாழ 64 பங்குக்கு மேல் நிரப்பமாட்டா. மிச்சம் காற்று. வாயகன்ற ஒரு லீற்றர்ப் போத்தலில் போளைகளை நிரப்பிப் பிறகு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நிறைந்த போத்தலுக்குள் ஏறத்தாழ 400 மில்லிலீற்றர் இன்னும் போகும்! பந்துகளுக்குள் ஒளிந்திருப்பவர் மூச்சு விடலாம். ஆனால் மேலிருந்து குதிப்பவருக்கு அவரைத் தெரியாது. ஆகவே குதிக்காதீர்கள். எத்தனையோ பிள்ளைகளின் கை பட்ட பந்துகள் அவை, வெளியே வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

பின்னேரம் வீட்டுக்குப் போனபோது அப்பப்பா திண்ணையில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். அக்கா போய் அவருக்குப் பக்கத்தில் குந்தினாள். "அப்பப்பா, ஒரு கண்ணை ஆறுதலாக் கட்டிக் காட்டுங்கோ" என்றாள். அவர் நான்கு தரம் கட்டிக் காட்டினார். ஐந்தாவதை அவளே கட்டினாள்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வலை பொத்துகிறவர் இருந்தால், நீங்களும் போய்க் கேளுங்கள். முடிச்சைக் கட்டிய பிறகு இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள், எந்த நூல் எந்த நூலை இறுக்குகிறது என்று படம் வரைந்து வையுங்கள்.