தொடுவதற்கும் பயிற்சி வேண்டும்



பெத்தானியாவில் சீமோன் வீட்டுப் பந்தியில் ஒரு பெண் விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றினார். வீண் செலவு என்று சிலர் முணுமுணுத்தார்கள். சாவை நெருங்கிக்கொண்டிருந்த ஆண்டவரோ அந்தப் பெண்ணைப் பாராட்டினார். அந்தத் தைலம் அவருடைய சிலுவையை அகற்றவில்லை. ஆனாலும் அந்த அன்பு அவருக்குத் தேவையாயிருந்தது.

"இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று மருத்துவர் சொல்லி அனுப்பிய நோயாளி நம் பங்கிலும் இருக்கலாம். நோயைக் குணமாக்க முடியாமல் போகலாம். ஆனால் செய்வதற்கு எப்போதும் ஏதாவது இருக்கிறது. இதை உலகுக்கு உணர்த்தியவர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராக இருந்து பின்னர் மருத்துவரான இவர், 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். சாகும் மனிதரின் வலி உடலில் மட்டும் இல்லை. மனத்திலும், குடும்ப உறவிலும், ஆன்மாவிலும் இருக்கிறது என்றார். இதையே 'முழு வலி' என்று அழைத்தார்.

ஆகவேதான் வலி தணிப்பு சிகிச்சை தரும் இல்லங்கள் பலவற்றில் மருந்தோடு சேர்த்து, கைகால்களை மென்மையாக நீவிவிடுதல், நறுமண எண்ணெய், இசை, மூச்சுப் பயிற்சி ஆகியவற்றையும் தருகிறார்கள். இவை துணை சிகிச்சைகள். இவை புற்றுநோயைக் கரைப்பதில்லை. மார்ஃபினுக்குப் பதிலாகவும் வருவதில்லை. பதற்றம் சற்றுத் தணியவும், உடல் தளர்ந்து ஓய்வுபெறவும் உதவுகின்றன.

"நீவிவிட ஒரு பயிற்சியா?" என்று கேட்கலாம். ஆம், வேண்டும். கட்டி இருக்கும் இடத்தை அழுத்தக் கூடாது. புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தால், அழுத்தும்போது எலும்பு முறியலாம். இரத்தத் தட்டணுக்கள் குறைந்தவருக்கு எளிதில் இரத்தம் கன்றிவிடும். காலின் இரத்தக் குழாயில் உறைகட்டி இருந்தால், தேய்க்கும்போது அது நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். நமக்கு இனிய மணம் நோயாளிக்குக் குமட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தொடும் முன் அவரிடம் அனுமதி கேட்கவும், அவர் வேண்டாம் என்றால் மனத்தாங்கல் இன்றி விலகவும் கற்றுக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் 2003இல் இதற்கென்றே தேசிய வழிகாட்டி நெறிகள் வெளியாயின.

விசுவாசிகளாகிய நாம் இரண்டு காரியங்களைத் தெளிந்துகொள்வோம். ஒன்று, துணை சிகிச்சை என்ற பெயரில் வருவதெல்லாம் ஒன்றல்ல. உடலைத் தளர்த்தும் நீவுதலில் தவறில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஆற்றலைக் கைவழியே செலுத்துவதாகச் சொல்லும் ரெய்கி முறை கத்தோலிக்க நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்று அமெரிக்க ஆயர்கள் 2009இல் அறிவித்தார்கள். மற்றொன்று, நறுமண எண்ணெய் வேறு, நோயில்பூசுதல் அருளடையாளம் வேறு. பின்னதை அருள்பணியாளர் மட்டுமே தருகிறார். நோயாளிக்கு நினைவு தப்பும்வரை காத்திராமல், முன்னதாகவே பங்குத்தந்தைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

வலி தணிப்பு சிகிச்சை தன்னலமற்ற அன்பின் சிறப்பான வடிவம் என்பது திருச்சபையின் போதனை. அன்பு இருந்தால் போதும், கற்கத் தேவையில்லை என்று நாம் நினைத்துவிடுகிறோம். உண்மையில், அன்பு உள்ளவர்தான் கற்றுக்கொள்ளத் தயாராக இருப்பார். நம் வீட்டில் நோயாளி இருந்தால், எங்கே தொடலாம், எங்கே தொடக் கூடாது என்று அவரைக் கவனிக்கும் செவிலியரிடம் கேட்போம். பிறகு அருகில் அமர்ந்து, அவர் விரும்பினால் கையைப் பற்றி மெதுவாக நீவிவிடுவோம். பேச வார்த்தை இல்லாத நேரத்திலும் அந்தக் கை, "நீங்கள் தனியாக இல்லை" என்று சொல்லும்.

தொழுநோயாளரைத் தொட்ட ஆண்டவர் நம் கைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.