நாணய வணிகரின் மங்கலச் சொற்கள்

நாணயம் என்னுஞ் சொல் காசையுங் குறிக்கும், நேர்மையையுங் குறிக்கும். இவ்விரு பொருளும் எப்போதும் ஒருங்கு நில்லாத ஓரிடம் உண்டு. அது பழங்காசுகளை இணையத்தின் வழியே விற்கும் சந்தை. அச்சந்தையில் வழங்குஞ் சொற்களை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

தகுதி வழக்கு மூவகைப்படும் என்பதை மாணவர் அறிவர். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்பன அவை. இறந்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது குழூஉக்குறி. தேய்த்துக் கழுவிய காசை விற்போர் இவ்விரண்டையுங் கலந்து வழங்குகின்றனர். ‘கழுவியது’ என்று கூறார். ‘புதுப்பொலிவு பெற்றது’ என்பர். அமிலத்தில் இட்டதை ‘இயற்கைச் செந்நிறம்’ என்பர். உலோகத் தூரிகையால் உராய்ந்ததைக் ‘கண்ணைக் கவரும் ஒளி’ என்பர். வேறு சிலர் காசின் நிலையைப்பற்றி யாதுங் கூறாது, பாட்டனாரின் பெட்டியிலிருந்து அது வெளிவந்த கதையை மட்டும் விரித்துரைப்பர். கதை வளர வளரக் காசைப்பற்றிய செய்தி குறைதலைக் காணலாம்.

கழுவுதலால் வருங் கேடு யாது? அச்சு அழுத்தும்போது உலோகம் விளிம்பை நோக்கிப் பரந்து, வெறுங்கண்ணுக்குப் புலனாகாத நுண்வரிகளைப் பெறுகின்றது. புதுக்காசின் ஒளி அவ்வரிகளாற் பிறப்பது. ஆதலின் காசைச் சாய்த்துத் திருப்பினால் அவ்வொளி சக்கரத்தின் ஆரம்போலச் சுழலும். தேய்த்த காசிலோ ஒளி அசையாது நிற்கும். உருப்பெருக்கியால் நோக்கின் ஒரே திசையில் ஓடுங் கீறல்கள் தோன்றும். எழுத்துகளின் இடுக்குகளில் பழைய அழுக்கு எஞ்சியிருக்கும்.

செம்பு காற்றோடு கூடி ஒட்சைட்டாகிக் கபிலநிறம் பெறும். மண்ணிற் புதைந்ததாயின் பெரும்பாலும் காபனேற்றாகிப் பசுமையுறும். இறுகிய அப்படலம் அடியிலுள்ள உலோகத்தைக் காக்கும். புளியிலுள்ள தாத்தாரிக்கமிலம் அதனைக் கரைத்துவிடும். சாம்பலும் மணலும் எழுத்தின் விளிம்பையே அரித்துவிடும். செம்பிற் களிம்பைச் சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கு உவமை கூறுவர். ஆன்மாவுக்குக் களிம்பு நீங்குதல் நன்று. பழங்காசுக்கோ பெரும்பாலும் அஃது இருத்தலே நன்று.

இதற்கு விலக்கும் உண்டு. நம்முடையது போன்ற துறைமுக நகரங்களில் உப்புக்காற்றாற் சேருங் குளோரைட்டு, ஈரத்தோடும் ஒட்சிசனோடுங் கூடி அமிலத்தைப் பிறப்பிக்கும். அவ்வமிலம் மேலுஞ் செம்பை உண்ணும். வெளிறிய பச்சைத்தூள் அந்நோயின் அறிகுறி. அத்தகைய காசைப் பேணும் முறை அறிந்தோரிடம் ஒப்படைத்தல் வேண்டும். அகழ்ந்தெடுத்த காசுகளும் ஓரளவு தூய்மை செய்த பின்னரே படிக்கப்படுகின்றன. ஆகவே தூய்மை செய்தல் யாண்டுங் குற்றமாகாது; செய்ததை மறைத்தலே குற்றம். 1980களில் அமெரிக்காவில் தோன்றிய தர மதிப்பீட்டு நிறுவனங்கள் காசுகளுக்கு 1 முதல் 70 வரை எண் வழங்குவன. முறைகெடக் கழுவிய காசுக்கு அவை எண் வழங்காது, அக்குறையையே வெளிப்பட எழுதுகின்றன.

இச்செய்தி நம் ஊருக்கும் நெருங்கிய தொடர்புடையது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி இலங்கையில் ஸ்டுயிவர் என்னுந் தடித்த செப்புக் காசுகளை அடித்தது. கும்பனியின் கூட்டெழுத்துக்கு மேல் நிற்கும் ஓர் உரோம எழுத்து, காசு பிறந்த இடத்தைக் காட்டும். கொழும்புக்குச் ‘சி’, காலிக்கு ‘ஜி’, யாழ்ப்பாணத்துக்கு ‘ஐ’, திருகோணமலைக்கு ‘ரி’. 1795 ஓகஸ்ற் மாதத்தில் இந்நகர்க் கோட்டைகள் ஆங்கிலேயர் வசமாயின. அதற்கு முன் இங்கே காசு வழங்கிய வரலாற்றுக்கு அவ்வோரெழுத்துச் சிறந்த சான்று.

சில ஆண்டுகளுக்கு முன், பாடசாலைக் கண்காட்சிக்காக மாணவன் ஒருவன் தன் பாட்டியாரின் பெட்டியிலிருந்த அத்தகைய காசொன்றைக் கொணர்ந்தான். அது கருமையாயிருந்தது, ஆயினும் ‘ரி’ என்னும் எழுத்து விளங்கிற்று. பார்ப்போர் மகிழ வேண்டுமென்று கருதி, அதனைப் புளியுஞ் சாம்பலுங் கொண்டு தேய்க்குமாறு கூறியவன் யானே. காசு மின்னியது, யாவரும் பாராட்டினர். எழுத்தின் மேற்கோடு தேய்ந்துபோனதைப் பின்னரே கண்டேன். இன்று அதனைக் காண்போர் ‘ஐ’ என்றே படிப்பர். அது திருகோணமலைக் காசு என்பதற்கு எங்கள் இருவர் வாய்ச்சொல்லையன்றி வேறு சான்றில்லை.

அண்மையில் அவ்விளைஞன் அதனை விற்கக் கருதி, விளம்பர வாசகம் எழுதித் தருமாறு வேண்டினான். தொல்பொருளை உத்தரவுப் பத்திரமின்றி வெளிநாட்டுக்கு அனுப்புதலை 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தடுக்கின்றது என்பதை முதலில் உணர்த்தினேன். பின்னர், “புளியிட்டுத் தேய்க்கப்பட்டது; எழுத்துத் தெளிவில்லை” என்று எழுதிக் கொடுத்தேன். விலை குறையுமே என்று அவன் வருந்தினான். குறைந்த விலையே அதன் உண்மை விலை என்றேன். காசைத் தன்னிடமே வைத்திருப்பதாகக் கூறிச் சென்றான்.

வாங்க விழைவோர் அழகிய சொற்களில் மயங்காது, “இது கழுவப்பட்டதா? எதனாற் கழுவப்பட்டது?” என்று வினவுவாராக. வீட்டில் பழங்காசு வைத்திருப்போர் அதனைத் தேய்க்காதிருப்பாராக. தேய்ந்த எழுத்தை மீட்கும் வழி எம்மிடம் இல்லை.