பாய்ப்படகில் டிங்கிக்கு இடம்

தார்நாகாவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறி வாழும் தமிழர்கள் விடுமுறை நாட்களில் குடும்பத்துடன் ஹுசேன் சாகர் ஏரிக்கரைக்குச் செல்வது வழக்கம். காற்று இசைவாக வீசும் நாளாயின், வெண்மையான பாய்களை விரித்துக்கொண்டு சிறு படகுகள் ஏரியில் விரைந்து செல்லும் காட்சியை அங்கு காணலாம். ஆளொருவர் அல்லது இருவர் அமர்ந்து செலுத்தும் இப்படகுகளுக்கு டிங்கி என்று பெயர். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021-ஆம் ஆண்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் போட்டியிட்டது இத்தகைய ஒற்றையாள் டிங்கியிலேதான். இந்தச் சொல்லை ஆங்கிலச் சொல் என்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது வங்காளத்திலும் இந்தியிலும் வழங்கும் 'டிங்கி' என்னும் சொல்லே. நம் கட்டுமரமும் அவ்வாறே உருத் திரிந்து ஆங்கில அகராதியில் ஏறியது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, கப்பலேறிப்போன சொற்கள் திரும்பி வரும்போது அடையாளம் கண்டுகொள்வது ஒரு தனி மகிழ்ச்சி.

ஏரியில் டிங்கி தனியரசு செலுத்துகிறது. கடலிலோ அது ஊழியம் செய்யும் படகு. முப்பது, நாற்பது அடி நீளமுள்ள பாய்ப்படகில் கடற்பயணம் செய்வோர், கரைவரை அப்படகைக் கொண்டுசெல்ல இயலாது. அதன் அடிப்பாகம் நீருக்குள் ஐந்தாறு அடி ஆழம் இறங்கி நிற்கும். ஆகையால் சற்றுத் தொலைவில் நங்கூரமிட்டு, குடிநீர், அரிசி, காய்கறி முதலியவற்றை டிங்கியில் ஏற்றி வரவேண்டும். நோயாளியை மருத்துவரிடம் கொண்டுசெல்வதும் அதில்தான்.

இடருற்ற வேளையில் சிறு படகின் அருமை எத்தகையது என்பதை 2018-இல் நாடே கண்டது. தனியொருவராக உலகைச் சுற்றிவரும் போட்டியில் ஈடுபட்டிருந்த கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் 'துரியா' என்னும் படகு, செப்டம்பர் 21 அன்று தென்னிந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கிப் புரண்டது. பாய்மரங்கள் முறிந்தன, முதுகெலும்பில் அடிபட்ட அவரால் எழுந்து நிற்கவும் இயலவில்லை. மூன்று நாட்களுக்குப்பின் 'ஓசிரிஸ்' என்னும் பிரெஞ்சுக் கண்காணிப்புக் கப்பல் அங்குச் சென்றடைந்தது. அதிலிருந்து இறக்கிய சிறு ரப்பர்ப் படகில் சென்றவர்களே அவரைத் தூக்குக்கட்டிலில் கிடத்தி மீட்டனர். 2023-இல் அதே போட்டியில் அவர் இரண்டாம் இடம் பெற்றது பலருக்கு நினைவிருக்கலாம்.

இத்துணைப் பயனுள்ள படகை நடுக்கடலில் எங்கே வைப்பது? முப்பதடிப் படகின் அகலம் பெரும்பாலும் பத்தடிதான். எட்டடி டிங்கி ஒன்றை அதில் வைப்பது, சிறிய ஒண்டுக்குடித்தனத்தில் பெரிய ஊஞ்சல் மாட்டுவதைப் போன்றது.

பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துச் செல்வதே எளிது என்று புதியவர்கள் நினைப்பார்கள். அமைதியான கழிமுகங்களில் அது சரியே. திறந்த கடலில் அதைவிடத் தொல்லை வேறில்லை. பின்னிருந்து எழும் அலை டிங்கியைத் தூக்கித் தாய்ப்படகின்மேல் மோதச் செய்யும். இல்லையேல் அதில் நீர் நிரம்பி, இழுவிசையால் கயிறு அறும். தாய்ப்படகைப் பின்னோக்கிச் செலுத்தும்போது, தொங்கும் கயிறு அதன் சுழல்விசிறியில் சுற்றிக்கொள்வதும் உண்டு. சிறிது தூரமே இழுத்துச் செல்வதாயினும் மோட்டாரையும் துடுப்புகளையும் முன்பே எடுத்துவிடுதல் வேண்டும்.

இரண்டாவது முறை, படகின் பிற்பகுதியில் இரு வளைகரங்களை நாட்டி, டிங்கியை அவற்றில் தொங்கவிடுவது. துறைமுகத்தில் இது மிகவும் சௌகரியமானது. ஏற்றுவதும் இறக்குவதும் நொடியில் முடியும். ஆயினும் சிறு படகுகளுக்கு இம்முறையை நாம் பரிந்துரைக்க மாட்டோம். பாரம் உயரத்திலும் ஓரத்திலும் அமைகிறது. அலை புகுந்து டிங்கியில் நீர் தேங்கினால் அந்தப் பாரம் பன்மடங்கு ஆகிறது. நீரின்மேல் பாரத்தை ஏற்றுவது எவ்வளவு நுட்பமான வேலை என்பதை ஹைதராபாத்வாசிகளுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. எஸ். எம். கணபதி ஸ்தபதி உருவாக்கிய புத்தர் சிலையை 1990 மார்ச்சு மாதத்தில் ஹுசேன் சாகரின் நடுவே எடுத்துச் சென்றபோது, ஏற்றிச் சென்ற தெப்பம் சாய்ந்து சிலை நீரில் மூழ்கியது, உயிர்களும் பலியாயின. 1992-இல்தான் அதை வெளியே எடுத்து நிறுவ முடிந்தது. அளவு வேறாயினும் நீரின் சட்டம் ஒன்றே: பாரம் தாழ்ந்தும் நடுவிலும் இருத்தல் வேண்டும்.

ஆகவே நெடும்பயணத்துக்கு உகந்தது மேல்தளமே. பாய்மரத்துக்கும், கடலோரத்தார் அணியம் என்று கூறும் முற்பகுதிக்கும் இடையே டிங்கியைக் கவிழ்த்து வைப்பர். கவிழ்ந்திருப்பதால் அதில் நீர் தேங்காது. காற்றும் அதன்மேல் வழுக்கிச் செல்லும். நான்கு இடங்களிலேனும் தளத்தில் பதித்த வளையங்களுடன் அதை இறுகக் கட்ட வேண்டும். கைப்பிடிக் கம்பிகளில் கட்டுவது கூடாது. ஒரு பேரலையின் விசைக்கு அவை ஈடுகொடா. நங்கூரத்தை எடுப்பதற்கும் முன்வாயிலைத் திறப்பதற்கும் இடம் விடுவது இன்றியமையாதது. காற்றடைத்த ரப்பர் டிங்கியாயின், காற்றை நீக்கிச் சுருட்டிக் கட்டிவிடலாம். ஆனால் ஆபத்து நேரும் தருணத்தில் அதை ஊதி விரிக்க அவகாசம் கிடைக்காது. எனவே உயிர்காப்புத் தெப்பம் என்பது தனியே இருக்கவேண்டிய பொருள்.

மோட்டாரைப் பற்றி இனிக் காண்போம். படகின் பின்பலகையில் மாட்டும் மோட்டார், 1909-இல் அமெரிக்காவில் ஓலி எவின்ரூட் என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்த நாள்முதல் பெருவழக்காயிற்று. டிங்கிக்கு ஏற்ற இரண்டு, மூன்று குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய பதினேழு, பதினெட்டுக் கிலோ எடையுள்ளது. ஆடும் டிங்கியில் நின்றுகொண்டு இதனைக் கைமாற்றும்போதுதான் அது கடலில் விழுகிறது. திருகுகளைத் தளர்த்துமுன் மோட்டாரின் கழுத்தில் கயிறொன்றைக் கட்டி, மறுமுனையைத் தாய்ப்படகில் பிணைத்தல் வேண்டும். பின்னர்க் கயிற்றைக் கொண்டே மேலே தூக்கி, பின்கம்பியில் பொருத்திய மரப்பலகையில் நிமிர்ந்த நிலையில் மாட்டிப் பூட்டிவிடலாம்.

கிடத்தியே வைக்க நேர்ந்தால், விசிறியைவிட யந்திரத்தின் தலை உயர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் குளிர்விக்கும் குழாய்களில் எஞ்சிய உப்புநீர் உள்ளே இறங்கும். நான்குவீச்சு மோட்டாரில் எண்ணெய் தனியே தேங்கி நிற்பதால், உற்பத்தியாளர் குறித்த பக்கமாகவே அதைச் சாய்த்தல் வேண்டும். நம் கரையோர மீனவர்கள் கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர வைப்பர். மோட்டார் உடையவர்கள் அதைக் கழற்றித் தோளில் சுமந்து சென்று பத்திரப்படுத்துவர். உப்புநீரின் குணம் அவர்கள் அறிந்ததே.

எஞ்சியது பெட்ரோல். டிங்கி தொலைந்தால் பணநஷ்டம். மோட்டார் மூழ்கினாலும் அவ்வாறே. பெட்ரோலில் செய்யும் பிழை உயிருக்கே உலை வைக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே பறந்து மறையாமல் படிகளின் வழியே இறங்கிப் படகின் அடிவயிற்றில் குளம்போல் தேங்கும். அடுப்பைப் பற்ற வைக்கும் தீக்குச்சியோ மின்விசையில் எழும் ஒரு பொறியோ போதும். ஆகையால் பெட்ரோல் கலனையும், கலன் இணைந்த மோட்டாரையும் உறங்கும் அறையில் ஒருபோதும் வைக்கலாகாது. திறந்த தளத்தில் கட்டலாம். இல்லையேல், அடியிலுள்ள துளை நேரே கடலை நோக்கித் திறக்கும் தனிப்பெட்டியில் வைக்கலாம். கலனை முழுவதும் நிரப்பாமல், வெயிலில் பெட்ரோல் விரிவடைவதற்குச் சற்று இடம் விடுதல் வேண்டும். பயணம் நீண்டதாயின், மோட்டாரைக் கழற்றுமுன் குழாயை மூடி, உள்ளிருக்கும் பெட்ரோல் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துவது நல்லது. மாட்டிய இடத்தில் சொட்டும் வாடை அப்போது இராது.